டிராக்டருக்குத் துருப்பிடிக்காமல் இருக்கப் பெட்டி வாங்கலாமா?



விக்கிரமங்கலம் பக்கம் சொந்தமாக டிராக்டரும் டிரெய்லரும் ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. பேட்டரியில் இரண்டு ஒயரை மாட்டிவிட்டால் வண்டி முழுக்கத் துருவே பிடிக்காதாம். விலை ஒன்பதாயிரம். "சார், துத்தநாகத்தைச் சேர்த்து வச்சா இரும்பு அரிக்காதுன்னு நீங்க நடத்துனீங்களே, அதே தத்துவம்தான்னு விக்கிறவரு சொல்றாரு. வாங்கலாமா?" டிரெய்லர் கடன் இன்னும் இரண்டு வருடம் பாக்கி; அடித்தகடு இப்போதே ஓட்டை விழ ஆரம்பித்துவிட்டது. இதே கேள்வி உங்களில் பலருக்கும் வரலாம் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

வாங்க வேண்டாம். பாடம் சரிதான்; அதை வைத்து விற்கும் பொருள்தான் சரியில்லை.

துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டு ஒரே நீரில் கிடந்தால் துத்தநாகம் கரையும், இரும்பு தப்பிக்கும். துத்தநாகத்துக்குப் பதில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தும் இதைச் செய்யலாம். இரண்டுக்கும் கேத்தோடு பாதுகாப்பு என்று பெயர். இதில் "ஒரே நீரில்" என்பதுதான் உயிர். உலோகத்தின் வழியே போகும் மின்னோட்டம் நீர் வழியாகவோ ஈர மண் வழியாகவோ திரும்பி வந்தால்தான் சுற்று முடியும். கப்பலின் அடிப்பாகம் கடலில் இருக்கிறது, எண்ணெய்க் குழாய் ஈர மண்ணில் புதைந்திருக்கிறது. அங்கெல்லாம் இந்த முறை அருமையாக வேலை செய்யும். உங்கள் வீட்டு கீசருக்குள்ளும் பெரும்பாலும் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்காகத் தான் கரைவதுதான் அதன் வேலை. போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் சர்வீஸ் ஆள் வரும்போது அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரைந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டிராக்டர் நிற்பதோ காற்றில். மட்கார்டில் ஒரு சொட்டு, சேஸில் கொஞ்சம் சேறு, டிரெய்லர் மூலையில் ஒரு பிடி ஈர உரம். ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டை. ஒரு குட்டையில் இருக்கும் துத்தநாகம் அடுத்த குட்டையைக் காப்பாற்றாது. பெட்டி அனுப்பும் மின்சாரத்துக்கும் திரும்பி வர வழி கிடையாது. நாகமுலாம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால் அந்த இடம் உடனே துருப்பிடிக்காதே என்று கேட்பீர்கள். கீறலின் இரு ஓரத்திலும் துத்தநாகம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான். அந்தக் காவல் சில மில்லிமீட்டர் தூரம்தான் எட்டும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் கதை சுவையானது. 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செப்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரைந்த செம்புதான் அதுவரை கடற்பாசியையும் சிப்பிகளையும் அண்டவிடாமல் வைத்திருந்தது! காப்பாற்றப்பட்ட கப்பல்களில் அவை மொய்த்து வேகம் குறைந்ததால் கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

இதையெல்லாம் ஆராய நம் மாநிலத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். உப்புக் காற்றில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு சோதனைக் களமும் உண்டு. பக்கத்திலேயே பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை அத்தனை காலம் நிறுத்தி வைத்தது ஓயாத பராமரிப்பும் பெயின்ட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கும் காவல் பாலிசிலாக்சேன் என்ற பூச்சுதான். காற்றில் நிற்கும் இரும்பை ஒரு பெட்டி காப்பாற்றும் என்றால் ரயில்வே முதலில் அங்கே மாட்டியிருக்காதா?

அமெரிக்காவில் இதே மாதிரிப் பெட்டியைக் கார்களுக்கு விற்றவர் மேல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996-ல் நடவடிக்கை எடுத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. முப்பது வருடம் கழித்து அந்தச் சரக்கு நம் ஊர்ப் பக்கம் வருகிறது.

சரி, தம்பி என்ன செய்யலாம்? டிரெய்லரைத் தின்பது மழையைவிட உரம்தான். பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உரம் ஏற்றிய அன்றைக்கே மூலை முடுக்கெல்லாம் கழுவி, பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு வெயிலில் காயவிடு. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி மாற்று. அந்த ஒன்பதாயிரம் அதற்கு உதவும். புதுத் தகட்டுக்கு, துருவையும் எண்ணெயையும் சுத்தமாக எடுத்த பிறகு, துத்தநாகத்தூள் கலந்த பிரைமர் அடித்து அதன்மேல் பெயின்ட் அடி. இங்கே துத்தநாகம் இரும்பை ஒட்டியே இருப்பதால் பாடம் பலிக்கும். சீசன் முடிந்ததும் கேஜ் வீலிலும் கலப்பைக் கொழுவிலும் சேற்றைக் கழுவி கிரீஸ் பூசி வை.

பேட்டரி சார்ஜரை வைத்து உண்மையிலேயே நடக்கும் வேலை ஒன்று உண்டு: பிடித்த துருவை எடுப்பது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா. துருப்பிடித்த சாமானில் நெகட்டிவ், ஒரு பழைய இரும்புக் கம்பியில் பாசிட்டிவ், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சில மணி நேரத்தில் துரு இளகும். தேய்த்துக் கழுவி, காயவைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். பாசிட்டிவில் எவர்சில்வர் மாட்டாதீர்கள், நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். கிளம்பும் குமிழி ஹைட்ரஜன். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்க வேண்டாம். சாமானை எடுப்பதற்கு முன் சார்ஜரை அணைத்துவிடுங்கள்.