மருந்துண்டோர் மொழி

மருந்துண்டோர் தத்தம் அனுபவத்தை உரைக்கும்போது நாம் செவிசாய்க்கிறோம், சாய்க்கவும் வேண்டும். இரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரில் உண்டோர் பலர் முறையிட்ட வறட்டு இருமல் மெய்யாகவே அம்மருந்தின் விளைவன்றோ?

ஆயினும், மாரடைப்பினின்று மீண்ட எம் தந்தையார், கால்வலி வருமென்று நண்பர் சிலர் கூறக்கேட்டு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்த எண்ணியபோது கலங்கினோம். நலமாய் இருப்போர் வாய் திறப்பதில்லையே!

இலண்டன் இம்பீரியல் கல்லூரியார் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றுண்டு. தொல்லை தாளாது ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதம் மருந்தும், சில மாதம் போலி மாத்திரையும் வேறுபாடறியாவண்ணம் அளித்தனர். சில மாதம் ஒன்றுமே அளிக்கவில்லை. மருந்து தந்த தொல்லையில் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் தோன்றிற்று! அவர்கள் பொய்யுரைக்கவில்லை, அஞ்சிய வலியே வந்துற்றது. பாதிப்பேர் பின்னர் மருந்துக்கே மீண்டனர். இதனைப் படித்துக் காட்டினோம். மருத்துவரைக் கேளாது நிறுத்துவதில்லையெனத் தந்தையார் இசைந்தார்.