காற்றைச் சலிக்கும் சல்லடை

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்காசிக்குள் நுழைகிறது. குற்றாலத்தில் சாரல் பொழிகிறது. காற்றில் மிதக்கும் தூசியைக் கழுவி மண்ணில் சேர்க்கும் மழையே இயற்கை அளித்த முதல் வடிகட்டி. ஆயினும், சாரலுக்காகச் சன்னல்களை அடைத்த வீட்டினுள் நிலைமை வேறு. கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் ஈரச்சுவரில் படர்ந்த பூஞ்சையின் வித்துகளும் வெளியேற வழியின்றி அங்கேயே சுழல்கின்றன.

அத்தகைய வீடொன்றில் மூச்சிரைப்பால் வருந்தும் தாய்க்காக மகன் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கச் செல்வதாகக் கொள்வோம். பெட்டியின்மேல் ‘99 விழுக்காடு தூய்மை’ என அச்சிடப்பட்டுள்ளது. அவன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: எந்த அளவுள்ள துகள்களில் 99 விழுக்காடு?

துகளும் அளவும்

மாவு சலிக்கையில் கப்பி சல்லடையில் தங்கும். மாவு கீழே இறங்கிவிடும். கப்பியை மட்டும் எண்ணிச் சல்லடையைப் புகழ்வது போன்றதே துகளின் அளவைக் கூறாத விழுக்காடு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லவை. புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானினும் சிறியவை.

தரக்குறியீடுகள்

‘மெர்வ்’ என்னும் அமெரிக்க அளவுகோல் வடிகட்டிகளை 1 முதல் 16 வரை தரப்படுத்துகிறது. மெர்வ் 8 வடிகட்டி, 3 முதல் 10 மைக்ரான் வரையுள்ள தூசியில் குறைந்தது 70 விழுக்காட்டைப் பிடிக்கும். புகையளவுத் துகள்களுக்கு அது உறுதி தருவதில்லை. மெர்வ் 13, 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களிலும் பாதியையேனும் பிடிக்கும். ‘ஹெப்பா’ வடிகட்டியோ 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும். பத்தாயிரத்தில் மூன்றே தப்பும்.

அளவுகோலாக 0.3 மைக்ரானைத் தேர்ந்தது ஏன்? பெரிய துகள் காற்றோடு வளைந்து செல்ல இயலாமல் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச்சிறிய துகள் காற்று மூலக்கூறுகளால் தள்ளப்பட்டு, அலைந்து திரிந்து இழையில் சிக்குகிறது. இடைப்பட்டதே எளிதில் நழுவுகிறது. அதனைப் பிடிக்கும் வடிகட்டி பிறவற்றையும் பிடிக்கும்.

*தெரிந்து தெளிவோம்: ஹெப்பா வடிகட்டி, கதிரியக்கத் துகள்களைத் தடுப்பதற்காக 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின்போது உருவாக்கப்பட்டது.*

எண்ணுக்கு அப்பால்

உயர்ந்த வடிகட்டியும் நச்சுவாயுக்களைத் தடுக்காது. அறையின் பரப்புக்கேற்ற காற்றோட்டம் இல்லாத கருவியால் பயன் குறைவு. உரிய காலத்தில் வடிகட்டியை மாற்றுதலும் வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்த மகன், முதலில் கொசுவர்த்தியை நீக்கிக் கொசுவலை கட்டுவான். சுவரின் ஈரக்கசிவை அடைப்பான். சாரல் ஓய்ந்த பொழுதில் சன்னலைத் திறப்பான். அதன்பின் வாங்கும் கருவியின் எண்ணைப் பொருளறிந்து படிப்பான். தாயின் மூச்சு, அவன் கேட்கும் அந்த ஒரு வினாவைச் சார்ந்திருக்கிறது.