வலது காதுப் பக்கம்

2009இல் ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரையை உங்களில் சிலர் வாசித்திருக்கலாம். லூயி மால் இயக்கிய ‘ஓ ரெவ்வார் லே ஸான்ஃபான்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றியது. நடுவில் என் சொந்தக் கதை ஒரு பத்தி வரும். சாயர்புரத்தில், பதினான்கு வயதில், நான் செய்யாத திருட்டு என் தலையில் விழுந்தது என்று அதில் எழுதியிருந்தேன். என் உயிர் நண்பன் ஒரே ஒரு பார்வையால் என்னைக் காட்டிக்கொடுத்தான் என்றும் எழுதியிருந்தேன்.

அது பொய். திருடியவன் நான். பார்த்தவனும் நான். பழி சுமந்தவன் அவன்.

வாசிக்கிற உங்களுக்கு எதையும் மறைக்கக் கூடாது. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சாயர்புரத்தில் கருப்பட்டிக் கடை. வீட்டில் பணம் அதிகம் இல்லை. பெயர் இருந்தது. ஜி.யு. போப் 1842இல் வந்து தங்கிச் செமினரி நடத்திய ஊர் என்பதில் அப்பாவுக்குப் பெரிய பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, “இவனும் படிப்பாளிதான்” என்பார். நான் நல்ல பிள்ளை. அந்தப் பெயர் இல்லாமல் இருக்க என்னால் முடியாது. பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

அவன் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரன். அவன் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. அவனுடைய தாத்தா முத்துக் குளித்தவர். 1961ஓடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. அவனுடைய அப்பா சங்கு குளிக்கப் போனார். அந்தச் சங்குகள் வங்காளத்துக்குப் போய்க் கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகும். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்துக்கு மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி இறங்கி, நாற்பது வயதுக்குள் அவருக்குக் காது போயிருந்தது. மகன் கடலுக்குள் இறங்கக் கூடாது என்று நினைத்தார். சாயர்புரத்தில் இருந்த சித்தி வீட்டில் படிக்கக் கொண்டுவந்து விட்டார். சித்தப்பாவுக்கு லாரியில் வாழைத்தார் ஏற்றும் வேலை. அவர்கள் ஆர்.சி. நாங்கள் சி.எஸ்.ஐ. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பள்ளி விட்டால் தோட்டத்துக் கிணற்றுக்குப் போவோம். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு அவன் அடிக்குப் போவான். நான் எண்ணுவேன். நூறைத் தாண்டும்போது எனக்கு வயிறு கலங்கும். மேலே வந்ததும் சிரிப்பான். “எங்க ஊருல கயிறு பிடிக்கவன் மச்சானாத்தான் இருப்பான். அவன் அக்கா தாலி அவன் கையிலதான இருக்கு, விட மாட்டாம்லா” என்றான் ஒருநாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன்.

1986. ‘விக்ரம்’ தூத்துக்குடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கமல் ரசிகன். அவன் ரஜினி ரசிகன். எனக்காக வந்தான். கல்லாப் பெட்டியிலிருந்து நூறு ரூபாய் எடுத்திருந்தேன். பம்பாய் மாமா அனுப்பியது என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பினான். பஸ், டிக்கெட், புரோட்டா எல்லாவற்றுக்கும் நான்தான் கொடுத்தேன். கொடுக்கிறவனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மீதிச் சில்லறையை என் பூகோளப் புத்தக அட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா கணக்குப் பார்த்தார். ஆனி மாதக் காற்று. கடை வாசலில் மண் பறந்தது. அவன் என்னைக் கூட்டிப் போக வந்து, நிலைப்படியில் சாய்ந்து நின்றான். உள்ளே கருப்பட்டி எடை போட்டுக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள்.

“கல்லால நூறு ரூவா கொறையுது. நீ எடுத்தியால?”

“இல்லப்பா.”

“பொறவு யாருல எடுத்தா?”

நான் அவனைப் பார்த்தேன்.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இந்த ஒரு இடத்தைத்தான் மழுப்பிவந்தேன். பயத்தில் கண் தானாகப் போகவில்லை. போக விட்டேன். முதலில் தரையைப் பார்த்தேன். யோசித்தேன். கடையில் அந்நேரம் இருந்த வேறு பையன் அவன் ஒருவன்தான். அவன் கடற்கரைப் பையன், எங்கள் சபை இல்லை, சித்தி வீட்டில் ஒண்டிப் படிக்கிறவன். அவன் என்றால் அப்பா நம்புவார் என்று எனக்குத் தெரியும். அதை எங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து நான் கற்றிருந்தேன். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தேன். அப்பா என் கண்ணைப் பின்தொடர்ந்தார். எடை போட்டவர்களும் திரும்பினார்கள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. நூறு ரூபாய், பம்பாய் மாமா, சினிமா எல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘சனிக்கிழமை என்னை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு கேளுங்க’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்துகொண்டான். அந்தக் குனிவை எல்லோரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

சித்தப்பா அவனை வீட்டு வாசலில் வைத்து அடித்தார். நான் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று கேட்டேன். நூறு ரூபாயை அவர் கூலியிலிருந்து தவணையாகத் திருப்பினார். அப்பா வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை அவனைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்று நாள். பார்வைக்கு ஒரு நொடி போதும். மூன்று நாளை நொடி என்று சொல்ல முடியாது. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டேன், பள்ளிக்குப் போனேன். அதே ஆண்டு திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியில் ‘வாய்மை’ அதிகாரம் சொல்லிப் பரிசு வாங்கினேன். அப்பா கைதட்டினார். அவர் இறக்கும்வரை அவரிடம் நான் சொல்லவில்லை.

அவன் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வருடம் சங்கு குளிக்கப் போய்விட்டான்.

நான் சென்னைக்குப் போனேன். படித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு திரைப்படச் சங்கத்தில் மால் படத்தைப் பார்த்தேன். 1944 ஜனவரி. ஜெர்மன் பிடியில் இருக்கும் பிரான்ஸ். பாதிரியார் நடத்தும் விடுதிப் பள்ளியில் மூன்று யூதப் பையன்களைப் பொய்ப் பெயரில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஜூலியனுக்கும் அவர்களில் ஒருவனான ஜானுக்கும் மெல்ல நட்பு வளர்கிறது. கெஸ்டாபோ அதிகாரி வகுப்புக்குள் வருகிறான். சுவரில் இருக்கும் போர் வரைபடத்திலிருந்து சின்னக் கொடிகளைப் பிடுங்குகிறான். அவன் முதுகு திரும்பியிருக்கும்போது ஜூலியன் ஒருமுறை ஜானைப் பார்க்கிறான். அதிகாரி திரும்பிவிடுகிறான். அவ்வளவுதான்.

அரங்கத்தில் எனக்குக் கை நடுங்கியது. அது மாலின் சொந்தப் பள்ளியின் கதை. பதினொரு வயதில் அங்கே இருந்தவர் நாற்பத்து மூன்று வருடம் கழித்து, 1987இல் படமாக எடுத்தார். பிடிபட்ட பையன்கள் மூன்று பேரும் ஆஷ்விட்ஸில் இறந்தார்கள். அவர்களை ஒளித்துவைத்த பாதிரியார் ஜாக் முகாமிலிருந்து விடுதலையான சில வாரங்களில் இறந்தார். படத்தின் முடிவில் மால் தன் குரலிலேயே பேசுகிறார். அந்தக் காலைப் பொழுதைச் சாகும்வரை மறக்கப்போவதில்லை என்கிறார்.

நானும் சொல்லலாம் என்று தோன்றியது. பத்து வருடம் கழித்துத்தான் எழுதினேன். முதல் படியில் உண்மையைத்தான் எழுதினேன். நம்புங்கள். மறுநாள் வாசித்துப் பார்த்தபோது உடம்பு கூசியது. ‘நான்’ என்று இருந்த இடத்தில் ‘அவன்’ என்று மாற்றினேன். ‘அவன்’ இருந்த இடத்தில் ‘நான்’. ஒரு ராத்திரி வேலை. கதையின் மற்ற எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிலைப்படி, காற்று, குனிந்த தலை எல்லாம் அப்படியே இருந்தன. அவனிடம் மிச்சமிருந்தது அவன் பட்ட வலி ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டேன்.

கட்டுரைக்குப் பாராட்டு வந்தது. 2012இல் புத்தகத்தில் சேர்ந்தது. ஒரு கூட்டத்தில் அதை வாசித்தபோது, வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை விலக்கவில்லை.

அந்தப் படத்தை ஏழெட்டு முறை பார்த்துவிட்டு எழுதினேன். ஆனால் ஜோசப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஜோசப் பள்ளிச் சமையலறையில் எடுபிடி. கால் ஊனம். பணக்காரப் பையன்கள் வீட்டிலிருந்து வரும் ஜாமையும் சர்க்கரையையும் அவன் மூலம் கள்ளச்சந்தையில் மாற்றிக்கொள்கிறார்கள். ஜூலியனும் அதில் உண்டு. பிடிபட்டதும் வேலை போவது ஜோசப்புக்கு மட்டும். பையன்களை வெளியே அனுப்பவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவன் பள்ளியைக் காட்டிக்கொடுக்கிறான். ஜூலியனின் பார்வை அதற்குப் பிறகு வருவது. நான் என்னை ஜூலியன் என்று நினைத்தேன். எழுதும்போது ஜானாகவே ஆகிவிட்டேன். உண்மையில் என் நண்பனுக்கு நடந்தது ஜோசப்புக்கு நடந்தது. எல்லோரும் தின்றார்கள், ஒருவன் மட்டும் வெளியே போனான். ஒரு வித்தியாசம் உண்டு. ஜோசப் பழிவாங்கினான். இவன் வாயைத் திறக்கவில்லை.

ஜூலியனுடனும் என்னைச் சேர்க்க முடியாது. அந்தப் பையன் பதறிப்போய், நண்பன் பத்திரமா என்று பார்க்கிறான். நான் கை நீட்டுவதற்குப் பதிலாகக் கண்ணை நீட்டினேன்.

இப்படிப்பட்ட ஐரோப்பியப் படங்களை வைத்துத்தான் பிழைத்தேன் என்றே சொல்லலாம். பட்டறைகளில் திரையிட்டுப் பேசுவேன். த்ரூஃபோவின் ‘400 அடிகள்’ (1959), அதில் அன்டுவான் கடலைப் பார்த்து ஓடி நிற்கிற கடைசிக் காட்சி. லூகாஸ் டோன்ட்டின் ‘க்ளோஸ்’ (2022), பெல்ஜியத்துப் பையன்கள் இரண்டு பேர். நீங்கள் ஜோடியா என்று வகுப்புப் பெண்கள் கேட்ட கேள்விக்குப் பயந்து லியோ விலகிப்போகிறான். ரெமி இல்லாமல் போகிறான். ரெமியின் அம்மாவிடம் லியோ அதைச் சொல்வதற்குப் பாதிப் படம் ஆகிறது. ஒருநாள் காரில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறான். என்னால்தான் என்கிறான். நான் அந்தக் காட்சியில் நிறுத்தி, இதுதான் துணிவு என்று மாணவர்களிடம் விளக்குவேன். பதின்மூன்று வயதுப் பையன் சொன்னான். எனக்கு அப்போது ஐம்பது.

2024 ஆகஸ்டில் மாரி செல்வராஜின் ‘வாழை’ வந்தது. எங்கள் மாவட்டத்துப் புளியங்குளத்தின் கதை. வாழைத்தார் சுமக்கும் இரண்டு பையன்கள், ஒருவன் ரஜினி ரசிகன், ஒருவன் கமல் ரசிகன். லோடு லாரி கவிழ்கிற இடத்தில் எனக்கு அவனுடைய சித்தப்பாவின் தோள்பட்டைக் காய்ப்பு ஞாபகம் வந்தது. அவர் கூலியில் பிடித்த நூறு ரூபாயும் ஞாபகம் வந்தது. மறுவாரம் திரேஸ்புரம் போனேன். முப்பத்தெட்டு வருடம்.

விசாரித்ததும் காட்டினார்கள். கடற்கரைப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னை உடனே தெரிந்துகொண்டான். “ஏ மச்சான்” என்று எழுந்தான். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலதும் மந்தம். அவன் அப்பாவுக்குப் போன மாதிரியே போயிருந்தது. இப்போது கடலுக்குப் போவதில்லை, வலை பின்னுகிறான்.

மகள் தமிழ் இலக்கியம் படிக்கிறாள் என்றான். நூலகத்திலிருந்து என் புத்தகத்தை எடுத்து வந்தாளாம்.

“எங்கூடப் படிச்சவன்டின்னு சொன்னேன். பூராத்தையும் வாசிச்சுக் காமிச்சா.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அந்தப் பையன் யாருப்பா, ஒங்க வகுப்புதானன்னு கேட்டா. தெரியலன்னு சொல்லிட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். இரண்டாவது முறையும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தன் மகளிடம்கூட.

அப்போது சொன்னேன். “என்னை மன்னிச்சிருலே.” மெதுவாகச் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, “என்னது?” என்று குனிந்தான். அவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை எழுத்தாளர் என்று அவன் அவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தான்.

“டீ நல்லாருக்குன்னு சொன்னேன்” என்றேன் சத்தமாக.

பஸ்ஸில் திரும்பினேன். இதை எழுத அதற்குப் பிறகும் பல மாதம் ஆனது. அந்தக் கட்டுரையை இனி அச்சில் சேர்க்க வேண்டாம் என்று பதிப்பாளருக்குச் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே விற்ற பிரதிகளை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இதழை அவன் மகள் பெயருக்கு அனுப்புகிறேன். அம்மா, நீ கேட்ட பையன் நான்தான். உன் அப்பா எதையும் எடுக்கவில்லை. இதை அவருக்கு வாசித்துக் காட்டு. வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, சத்தமாக வாசி. பக்கத்தில் ஆள் இருந்தாலும் நிறுத்தாதே.