எந்த வேகத்துல உதறுது?

காலை எட்டு மணிக்கே பட்டறை வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. இரண்டு டிவிஎஸ் எக்ஸ்எல், ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100. மூன்றும் டூ ஸ்ட்ரோக். ஒரு எக்ஸ்எல்லின் கால் வைக்கும் இடமெல்லாம் சின்ன வெங்காயச் சருகு. செட்டிகுளம் பக்கத்திலிருந்து மூட்டை ஏற்றிவந்து பெரம்பலூரில் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார் அந்த விவசாயி.

“அண்ணே, வண்டி சரியா ஓடல.”

“ஓடலைன்னா? ஸ்டார்ட் ஆகலையா, ஆகி நிக்குதா, உதறுதா? எந்த வேகத்துல உதறுது?” என்று கேட்டார் மெக்கானிக்.

அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் முன்பு தெரிந்திருக்கவில்லை. என் ஆர்எக்ஸ் உதறியபோது வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் கார்புரேட்டரையே புதிதாக மாற்றினார்கள். பணம் போனது, உதறல் போகவில்லை. கோளாறு கிராங்க்கில் இருந்தது. அதனால்தான் இந்த மெக்கானிக்கிடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வந்தேன்.

மெக்கானிக்குக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. டிவிஎஸ் 50 வந்தது 1980-இல், ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-இல். இரண்டும் புது வண்டியாகத் தெருவில் ஓடிய காலத்திலேயே கையில் ஸ்பேனர் பிடித்தவர். “தம்பி, உதறலும் பெட்ரோல் கோளாறும் ஒரே வூட்டுப் புள்ளைங்க. ஒண்ணைக் கூப்பிட்டா இன்னொண்ணும் வரும்” என்றார். அன்று நான் கற்றதெல்லாம் இந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

ஆர்எக்ஸ் இன்ஜின் நிமிடத்துக்கு 7500 சுற்று சுற்றும்போது பிஸ்டன் நொடிக்கு 125 முறை மேலேறி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. ஒற்றை சிலிண்டரில் இந்த ஆட்டத்தை முழுதாக அடக்க வழியில்லை. கிராங்க்கில் எதிர் எடையைக் கூட்டினால் மேலும் கீழுமான உதறல் குறையும், முன்னும் பின்னுமான உதறல் கூடும். கம்பெனிக்காரர்கள் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். விலை குறைவென்று எடை கூடிய பிஸ்டனைப் போட்டால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

அந்த உதறல் கார்புரேட்டருக்குப் போனால் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் நுரைக்கிறது. நுரைத்த பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியே ஒழுங்காக ஏறாது. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் இடம் மெல்லத் தளர்ந்து காற்றை இழுக்கும். காற்று கூடினால் சூடு ஏறி, கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எதிர்த் திசையிலும் இதே கதைதான். நீடில் பின் தேய்ந்து பெட்ரோல் அதிகமாகிவிட்டால் இன்ஜின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். வண்டி தத்தும். ஓட்டுபவருக்கு அது உதறலாகத்தான் தெரியும்.

காற்றும் பெட்ரோலும் கலக்கும் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களிலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் உண்டு. அங்கே குளிர்ந்த காற்று அடர்ந்திருப்பதால் பெரிய ஜெட் போடுவார்கள். பெரம்பலூர் மே மாத வெயிலில் காற்று மெலிந்திருக்கிறது. கணக்கு தலைகீழ், நோய் ஒன்றே.

விவசாயியின் எக்ஸ்எல் கார்புரேட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் பரப்பினார். கிண்ணத்தின் அடியில் வெண்மையாக ஏதோ பூத்திருந்தது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கம்பி விட்டுக் குத்தவே மாட்டார், காற்றடித்து ஊதுவார். குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு அந்த ஜெட் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. பிளக்கைப் பார்த்தார். வெளுத்திருந்தது. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நலம், கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் காற்று அதிகம்.

“ஆயில் எவ்வளவு ஊத்துறீங்க?”

“இன்ஜின் நல்லா இருக்கட்டும்னு கூடவே ஊத்துறேண்ணே.”

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். லிட்டருக்கு 20 மில்லி போதும் என்கிறார் இவர். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. காக்க ஊற்றிய ஆயிலே இன்ஜினைக் காய வைக்கிறது.

இதோடு பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் சேர்ந்துகொண்டது. நாடு முழுக்க 10 விழுக்காடு கலப்பு 2022-இல் எட்டப்பட்டது, 2025-இல் 20 விழுக்காடானது. எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். எனவே பழைய ஜெட்டிலேயே விட்டால் கலவையில் காற்று மிகும். ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். நீர் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள், பெரம்பலூர் மக்காச்சோள மாவட்டம். விளைவிப்பவரின் மொபெட்டுக்கே இந்தத் தொல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. பழைய வண்டிக்காரர்களுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கத்தான் வேண்டும்.

மதியம், காலையில் வாசலில் நின்ற ஆர்எக்ஸின் கிராங்க்கைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு அரியலூர் லேத்துப் பட்டறைக்குப் போனோம். சாலையெங்கும் சுண்ணாம்புக்கல் லாரிகள். டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் வழியில் தூளாகப் பறந்து ஏர் ஃபில்டரில் உட்காருகிறது. அடைத்தால் கலவையில் பெட்ரோல் மிகும். ஃபில்டர் கிழிந்திருந்தால் இன்னும் மோசம். தூசி நேரே போய் சிலிண்டரைச் சுரண்டும்.

லேத்துக்காரர் அதிகம் பேசவில்லை. கிராங்க் என்பது ஒரே துண்டல்ல. இரண்டு சக்கரங்கள், நடுவே ஒரு பின், அதில் கனெக்டிங் ராடு. பிரஸ்ஸில் அழுத்திப் பிரித்து, புது ராடு போட்டு, மறுபடி அழுத்திச் சேர்த்தார். பிறகு இரு முனைகளையும் சென்டரில் நிறுத்தி, டயல் கேஜை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒன்பது கோடு ஆடியது. ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. செம்புச் சுத்தியலால் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு தட்டு. சுற்றினார். ஆறு கோடு. திருப்பி வைத்து இன்னொரு தட்டு. நாலு. எங்கே, எவ்வளவு பலத்தோடு என்பதை எந்தக் கருவியும் அவருக்குச் சொல்லவில்லை. ஏறக்குறைய அரைமணி நேரத்துக்குப் பிறகு முள் இரண்டு கோட்டுக்குள் அடங்கியது. ஒரு தலைமயிரின் கனத்தில் பாதிகூட இல்லை.

“இத கத்துக்க யாரும் வர்றதில்ல சார்” என்றார். முறையிடும் குரலில் அல்ல, தகவலாக. அந்தச் சுத்தியல் தட்டைப் படம்பிடித்தாவது தொழிற்பயிற்சி நிலையங்களில் காட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாலையில் கிராங்க் ஏறிய ஆர்எக்ஸ் ஓடியது. கண்ணாடியில் பின்னால் வந்த லாரியின் எண்ணைப் படிக்க முடிந்தது.

உங்கள் வீட்டிலும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் ஒரு கிலோமீட்டர் கவனித்து ஓட்டுங்கள். நின்ற இடத்தில் உதறுகிறதா, வேகம் கூடக் கூட உதறல் கூடுகிறதா, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து அடங்குகிறதா என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். முதலாவது பெரும்பாலும் கார்புரேட்டர், இரண்டாவது கிராங்க், மூன்றாவது இன்ஜினைப் பிடிக்கும் போல்ட்டும் புஷ்ஷும். நாள்கணக்கில் நிறுத்திவைப்பதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.