வாயால் சொன்ன புகார்

"கார் தானாகவே வேகமெடுத்தது" என்று யாராவது சொன்னால், "பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருப்பார்" என்பதுதான் முதலில் வரும் பதில். பல நேரம் அது உண்மைதான். எல்லா நேரமும் அல்ல.

2009 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய் விபத்துக்குள்ளானது. ஒரே குடும்பத்தில் நான்கு பேர் பலி. ஓட்டியவர் நெடுஞ்சாலை போலீஸ் அதிகாரி. சொந்தக் கார் சர்வீஸில் இருந்ததால் டீலர் கொடுத்த கார் அது. வேறு மாடலுக்கான ஃப்ளோர் மேட் ஒன்றை அதில் போட்டிருந்தார்கள். அதில்தான் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டது.

சில நாள்களுக்கு முன் அதே காரை எடுத்துச் சென்ற இன்னொருவருக்கும் இப்படியே ஆகியிருக்கிறது. நியூட்ரலுக்கு மாற்றித் தப்பியவர், காரைத் திருப்பித் தந்தபோது வரவேற்பாளரிடம் விஷயத்தைச் சொன்னதாக விசாரணை அறிக்கை கூறுகிறது. ஆனால், மேட் மாறவில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரேயடியாக அழுத்துங்கள், நியூட்ரலுக்கு மாற்றுங்கள், ஓரமாக நின்றபிறகு இன்ஜினை அணையுங்கள். சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து அந்த சீட்டில் உட்காரப்போவது யாரோ!