இலவசம் மட்டும் போதுமா?

தாமல் போன்ற சிற்றூர்களின் தொடக்கப்பள்ளிகளுக்கு மென்பொருள் தேடும்போது விலையைத்தான் முதலில் பார்க்கிறோம். விளம்பரத்தைக் கொட்டும் செயலியும் இலவசம்தானே! ஜிகாம்ப்ரி வேறு வகை. 2000-இல் பிரான்சில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். 2 முதல் 10 வயதுவரையான குழந்தைகளுக்கு எண், எழுத்து, புதிர் என நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். விளம்பரம் கிடையாது, நிறுவியபின் இணையமும் பெரிதாகத் தேவைப்படாது. மூலநிரல் திறந்திருப்பதால், தமிழில் பிழை கண்டால் ஆசிரியரே திருத்தம் அனுப்பலாம்.

கட்டற்ற மென்பொருள் என்றதும் "நாளைக்கு வேலைக்கு விண்டோஸ்தானே வேண்டும்?" என்பார்கள். ஜிகாம்ப்ரி விண்டோஸிலும் ஓடும். ஆறு வயதில் கூட்டல் படிக்க எந்தக் கம்பெனியின் திரையானால் என்ன? ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டுமே என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தும் கேரளம், ஆசிரியர்களைப் பழக்கித்தான் அதைச் சாதித்தது. உரிமக் கட்டணத்தில் மிஞ்சுவதை இங்கும் ஆசிரியர் பயிற்சிக்கே செலவிடலாம்.