சொட்டுக் கணக்கு

மழை விட்ட பிறகும் இலை நுனியிலிருந்து ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டால் எனக்கு வால்வெர்தேதான் நினைவுக்கு வரும். ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் எல் இயெர்ரோ என்றொரு சின்னத் தீவு. 268 சதுர கிலோமீட்டர்தான். அதன் தலைநகரான வால்வெர்தே கடலோரத்தில் இல்லை, மலைமேல் இருக்கிறது. 2017-இல் அங்கே ஒரு பாட்டியின் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். காலையில் கண்விழித்தால் பல நாள் ஜன்னலுக்கு வெளியே தெருவே இருக்காது. பனிமூட்டமும் ஓட்டிலிருந்து சொட்டும் சத்தமும்தான்.

காய் கழுவிய தண்ணீரைப் பாட்டி கீழே கொட்ட மாட்டார். தகர வாளியில் சேர்த்து, சாயங்காலம் அத்திமரத்துக்கு ஊற்றுவார். ஒருநாள் என் குவளையில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். 1948-இல் வானம் பொய்த்தபோது அவருடைய அண்ணன் வெனிசுவேலாவுக்குக் கப்பலேறியதைப் பிறகொரு நாள் சொன்னார். அந்த வறட்சிக்குப் பயந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆறே இல்லாத தீவு அது. பழங்குடிகளான பிம்பாச்சேக்களுக்கு ஒரு மரம்தான் கிணறு. கரோயே என்று பெயர். மேகம் வந்து இலைகளில் மோதும், சொட்டும், அடியில் வெட்டிய குழிகளில் நிறையும். 1610-இல் புயலில் அது சாய்ந்துவிட்டது. 1949-இல் அதே இடத்தில் அதே இனத்துக் கன்றை நட்டார்கள். அந்த மரத்தின் பாசியில் கைவைத்தேன், உள்ளங்கை ஈரமானது.

அதே 1949-இல்தான் பாட்டி தன் முதல் இறக்கத்தைப் பார்த்தாராம், நான்கு வயதில். இறக்கம் என்றால் ‘பஹாதா’, மாதா மலையிறங்கும் திருவிழா. 1546 ஜனவரி 6 அன்று, மூன்று ராஜாக்கள் திருநாளில், காற்றில்லாமல் நின்றுபோன கப்பலுக்கு மேய்ப்பர்கள் உணவு கொடுத்தார்களாம். பதிலுக்கு மாலுமிகள் கொடுத்த சுரூபம்தான் ராஜாக்களின் மாதா. பெருவறட்சியில் மேய்ப்பர்கள் அவளைத் தோளில் சுமந்து வால்வெர்தேவுக்குக் கொண்டுவர, மழை கொட்டியது என்பார்கள். 1741-இல் நேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலை முதல் சனிக்கிழமை, மேற்குக் கோடியில் இருக்கும் கோயிலிலிருந்து மாதா புறப்படுகிறாள்.

நான் தங்கியிருந்த 2017-உம் இறக்க வருஷம்தான். அந்த விடியல் இன்னும் காதில் இருக்கிறது. குழல், மேளம், ‘சாக்கரா’ என்ற பெரிய சப்ளாக்கட்டை. வெள்ளை உடை, பூவும் பலநிற நாடாவும் தொங்கும் தொப்பி; ஆடிக்கொண்டே நடக்கிறார்கள். என் பக்கத்தில் ஆடிய பையனின் கட்டைவிரல் சாக்கராக் கயிறு அறுத்துத் தோலுரிந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆடினான். ஊருக்கு ஊர் எல்லைக்கோடு உண்டு, ‘ராயா’ என்பார்கள். கோடு வந்ததும் மாதாவை அடுத்த ஊர்க்காரர் தோளுக்கு மாற்ற வேண்டும். விட மனமில்லாத கைகளை நான் பார்த்தேன்.

மதியம் குரூஸ் தெ லோஸ் ரெயேஸில் மண்ணில் துணி விரித்து எல்லோரும் சாப்பிட்டார்கள். முன்பின் தெரியாத என்னைக் கைப்பிடித்து உட்காரவைத்தார்கள். பாட்டி பேரனின் காரில் வந்திருந்தார். வெனிசுவேலாவிலிருந்து அண்ணன் மகளும் வந்திருந்தாள்.

“பதினெட்டாவது இறக்கம், மி நீன்யோ,” என்றார் பாட்டி. அங்கே பெரியவர்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள், ‘என் பிள்ளே’ என்பது மாதிரி.

வயதை நான் எப்போதும் வருஷத்தில் எண்ணியவன். நேர்ந்துகொண்டதை எத்தனை முறை நிறைவேற்றினோம் என்று எண்ணுபவரை அன்றுதான் பார்த்தேன். காத்திருப்பது அவர்களுக்குப் பாரமில்லை. சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும், தோளிலிருந்து தோளுக்குக் கொடுப்பதும்தான் அந்தத் தீவைக் காப்பாற்றியிருக்கிறது.

வெளியே இன்னும் சொட்டுகிறது. எழுந்துபோய் அடியில் வாளியை வைக்கிறேன்.